காது கேளாதோருக்கான அமைப்பை யார் நடத்த வேண்டும்? ஒரு வாரப் போராட்டமும் அது விட்டுச்சென்ற கேள்வியும்

1988 மார்ச் 7, திங்கட்கிழமை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள கலாடெட் பல்கலைக்கழகத்தின் உள்விளையாட்டு அரங்கம். காது கேளாத மாணவர்களால் அரங்கம் நிரம்பியிருக்கிறது. பல்கலைக்கழக நிர்வாகக் குழுவின் தலைவர் ஜேன் ஸ்பில்மேன் மேடையில் பேச வருகிறார். அந்த நேரம் பார்த்து தீ எச்சரிக்கை அலாரம் அலறுகிறது. இந்தச் சத்தத்தில் பேச முடியவில்லையே என்கிறார் அவர்.

ஆனால் கீழே இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. சைகை மொழி தெரிந்திருந்தால் அலாரத்துக்கு நடுவிலும் அவர் தாராளமாகப் பேசியிருக்கலாம். அவருக்கு அந்த மொழி தெரியாது. காது கேளாதவர்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் உச்சப் பொறுப்பில் இருந்தவருக்கு, அங்கே படிப்பவர்களின் மொழி தெரியாது!

காது கேளாதோருக்காக நடக்கும் பள்ளி, சங்கம், பயிற்சி மையம் போன்றவற்றை யார் நடத்த வேண்டும்? நடத்துபவர் யார் என்பதால் அங்கே கிடைக்கும் சேவை மாறுமா? உங்க வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பள்ளியையோ மையத்தையோ தேடும்போது எதைப் பார்க்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

'ஆன' அமைப்பு, 'உடைய' அமைப்பு: என்ன வித்தியாசம்?

பெயர்ப் பலகையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே இருக்கும் வேறுபாடு பெரியது.

- காது கேளாதோருக்கான அமைப்பு: அவர்களுக்குச் சேவை செய்கிறது. நிர்வாகத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் காது கேட்பவர்களாக இருக்கலாம்.
- காது கேளாதோருடைய அமைப்பு: உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் காது கேளாதவர்கள். தலைமையும் முடிவெடுக்கும் அதிகாரமும் அவர்கள் கையில்.

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றது. மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கும் முடிவுகளை எடுக்கும்போது, அவர்களின் பிரதிநிதித்துவ அமைப்புகளைக் கலந்து பேச வேண்டும் என்கிறது அதன் 4-வது பிரிவு. அந்தப் பிரிவை விளக்கி ஐ.நா. குழு 2018-ல் வெளியிட்ட பொதுக் கருத்துரை எண் 7, மேலே சொன்ன இரண்டு வகை அமைப்புகளையும் தெளிவாகப் பிரிக்கிறது. ஒன்றின் குரலை இன்னொன்றின் குரலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

பிரச்சினை எங்கே ஆரம்பித்தது?

1880-ல் இத்தாலியின் மிலன் நகரில் காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு ஒன்று நடந்தது. பள்ளிகளில் சைகை மொழியை விட்டுவிட்டு, உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேசும் முறையில்தான் கற்பிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். வாக்களித்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே காது கேட்பவர்கள்.

அந்தத் தீர்மானத்தின் தாக்கம் பல நாடுகளில் பல தலைமுறைக்கு நீடித்தது. பல பள்ளிகளில் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். வகுப்பில் கையை அசைத்துப் பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டார்கள். 2010-ல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு அமைப்பு, மிலன் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. அதற்கு 130 ஆண்டுகள் ஆனது.

பாதிக்கப்படுபவர்கள் அறையில் இல்லாமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

கலாடெட்: 124 ஆண்டுகள் காத்திருந்த பல்கலைக்கழகம்

மிலன் முடிவுக்குப் பிறகும் சைகை மொழியைக் கைவிடாத இடங்களில் ஒன்று கலாடெட். 1864-ல் அதிபர் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற கல்வி நிறுவனம் இது. முதல் தலைவர் எட்வர்ட் மைனர் கலாடெட் காது கேட்பவர்தான். ஆனால் அவருடைய அம்மா காது கேளாதவர். எனவே சைகை மொழி அவருக்கு வீட்டு மொழி.

அவருக்குப் பின் வந்த தலைவர்களும் காது கேட்பவர்களே. 1988-ல் புதிய தலைவரைத் தேர்வு செய்யும் நேரம் வந்தது. இறுதிப் பட்டியலில் மூன்று பேர். அதில் கிங் ஜோர்டன், ஹார்வி கோர்சன் ஆகிய இருவரும் காது கேளாதவர்கள். மூன்றாவது நபர் எலிசபெத் ஜின்சர். காது கேட்பவர். சைகை மொழி தெரியாதவர்.

தேர்வு செய்யும் நிர்வாகக் குழுவில் 21 பேர். அதில் காது கேளாதவர்கள் வெறும் 4 பேர்.

அந்த ஒரு வாரம் என்ன நடந்தது?

மார்ச் 6, ஞாயிறு: ஜின்சர் தேர்வு என்று அறிவிப்பு வெளியாகிறது. கொதித்துப்போன மாணவர்கள், நிர்வாகக் குழு தங்கியிருந்த ஹோட்டலை நோக்கி ஊர்வலமாகப் போகிறார்கள்.

மார்ச் 7, திங்கள்: வாகனங்களை நிறுத்திப் பல்கலைக்கழக வாயில்களை மாணவர்கள் அடைக்கிறார்கள். நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறார்கள்.

1. ஜின்சர் விலக வேண்டும். காது கேளாத ஒருவர் தலைவராக வேண்டும்.
2. ஸ்பில்மேன் பதவி விலக வேண்டும்.
3. நிர்வாகக் குழுவில் 51 சதவீதம் பேர் காது கேளாதவர்களாக இருக்க வேண்டும்.
4. போராடியவர்கள் யார் மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது.

மார்ச் 9, புதன்: ஆசிரியர்கள் மாணவர்கள் பக்கம் நிற்கிறார்கள். மாணவர் தலைவர் கிரெக் லிபாக், ஏபிசி தொலைக்காட்சியின் 'நைட்லைன்' நிகழ்ச்சியில் தோன்றுகிறார். அவரோடு, முந்தைய ஆண்டு சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வென்ற காது கேளாத நடிகை மார்லி மேட்லினும் கலந்துகொள்கிறார். ஒரு வளாகப் பிரச்சினை நாட்டின் பிரச்சினையாகிறது.

மார்ச் 10, வியாழன்: ஜின்சர் விலகுகிறார்.

மார்ச் 11, வெள்ளி: மற்ற மூன்று கோரிக்கைகளை விடாமல், நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி ஆயிரக்கணக்கானோர் பேரணியாகச் செல்கிறார்கள்.

மார்ச் 13, ஞாயிறு: ஸ்பில்மேன் விலகுகிறார். காது கேளாதவரான ஃபில் பிராவின் நிர்வாகக் குழுத் தலைவராகிறார். 21 வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் கேட்கும் திறனை இழந்த கிங் ஜோர்டன், கலாடெட்டின் முதல் காது கேளாத தலைவராகிறார். நான்கு கோரிக்கைகளும் ஏற்கப்படுகின்றன.

கேட்பதைத் தவிர எல்லாவற்றையும் காது கேளாதவர்களால் செய்ய முடியும் என்று ஜோர்டன் சொன்னது உலகம் முழுக்கப் பரவியது.

இந்த நான்கில் அதிகம் பேசப்படாதது மூன்றாவது கோரிக்கை. தலைவர் நாற்காலியோடு மாணவர்கள் நிற்கவில்லை. தலைவரைத் தேர்வு செய்யும் குழுவிலும் பெரும்பான்மை கேட்டார்கள். ஒரு தலைவர் போனால் இன்னொருவர் வருவார். வருகிறவரைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதுதான் நிலைத்து நிற்கும் அதிகாரம்.

போராட்டத்தால் சேவையில் மாற்றம் வந்ததா?

வளாகத்துக்கு வெளியே வந்தது. 1990-ல் அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நிறைவேறியது. காது கேளாதவர் தட்டச்சு செய்வதை எதிர்முனையில் இருப்பவருக்கு ஒருவர் படித்துச் சொல்லும் தொலைபேசி இணைப்புச் சேவையை, நாடு முழுவதும் தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். திரையில் வசனத்தை எழுத்தாகக் காட்டும் வசதி, 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று இன்னொரு சட்டமும் அதே ஆண்டு வந்தது. அந்தச் சூழலை உருவாக்கியதில் கலாடெட் போராட்டத்துக்கும் பங்கு உண்டு என்று பலரும் கருதுகிறார்கள்.

காது கேளாதவர் தலைவரானால் போதுமா?

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். 2006-ல் அதே கலாடெட்டில் மறுபடியும் போராட்டம் வெடித்தது. ஜோர்டனுக்கு அடுத்து ஜேன் ஃபெர்னாண்டஸ் தேர்வு செய்யப்பட்டார். இவரும் காது கேளாதவர்தான். வாய்ப்பேச்சில் வளர்ந்து, 20 வயதுக்கு மேல் சைகை மொழி கற்றவர்.

தான் 'போதுமான அளவு காது கேளாதவர் இல்லை' என்று பார்க்கப்படுவதாக அவர் தரப்பு சொன்னது. தேர்வு நடந்த விதமும் அவருடைய நிர்வாகப் பாணியும்தான் பிரச்சினை என்று போராடியவர்கள் சொன்னார்கள். அக்டோபரில் 130-க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். மாதக் கடைசியில் நிர்வாகக் குழு அந்த நியமனத்தை ரத்து செய்தது. மூத்த கல்வியாளர் ராபர்ட் டாவிலா பொறுப்பேற்றார்.

அதற்குப் பிறகு வந்தது அதைவிடப் பெரிய அடி. 2007-ல் கல்வித் தர அங்கீகாரம் வழங்கும் ஆணையம், கலாடெட்டைக் கண்காணிப்பு நிலையில் வைத்தது. எத்தனை மாணவர்கள் படிப்பை முடிக்கிறார்கள், பாடத்தின் தரம் என்ன, நிர்வாகம் எப்படி நடக்கிறது என்ற கேள்விகள் எழுந்தன. பல்கலைக்கழகம் திருத்தங்கள் செய்த பின், 2008-ல் அங்கீகாரம் உறுதிசெய்யப்பட்டது.

ஆக, 1988-ம் 2006-ம் சேர்த்துச் சொல்வது இதுதான்: சேவை பெறுபவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பது கட்டாயம். ஆனால் அது ஆரம்பம் மட்டுமே. தலைவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், அவர் யாருக்குப் பதில் சொல்கிறார், சேவையின் பலனை யார் அளக்கிறார்கள் என்ற மூன்றும் சரியாக இல்லாவிட்டால், தலைவர் யாராக இருந்தாலும் தரம் இறங்கும்.

இந்தியாவில் இப்படி ஏதாவது நடந்திருக்கா?

நடந்திருக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50.7 லட்சம் பேர். இவ்வளவு பேர் இருக்கும் நாட்டில் சைகை மொழிக்கென ஒரு தேசிய மையம் வேண்டும் என்பது நீண்ட நாள் கோரிக்கை. 2011-ல் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் 2013-ல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

2015 ஏப்ரலில் ஒரு புதிய முடிவு வந்தது. அந்த மையத்தை, பேச்சு மற்றும் செவித்திறன் துறையில் இயங்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தோடு இணைப்பது என்று. காது கேளாதோர் அமைப்புகள் இதை எதிர்த்துப் போராடின. அவர்களின் வாதம் எளிமையானது. சைகை மொழி ஒரு மொழி. அதன் வளர்ச்சியும், கேட்கும் திறன் பரிசோதனையும் மறுவாழ்வும் வேறு வேறு பார்வை கொண்ட துறைகள். ஒன்றை இன்னொன்றின் கிளையாக்கக் கூடாது.

அரசு அந்தக் குரலைக் கேட்டது. 2015 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தைத் தனி அமைப்பாக டெல்லியில் அமைக்க ஒப்புதல் தந்தது.

தனி அமைப்பான பிறகு என்ன கிடைத்தது? 2018-ல் 3,000 சொற்களுடன் இந்திய சைகை மொழி அகராதி வந்தது. 2019-ல் அது 6,000 சொற்களானது. 2021-ல் 10,000. பள்ளிப் பாடப்புத்தகங்களைச் சைகை மொழியில் கொண்டுவர 2020-ல் என்.சி.இ.ஆர்.டி-யுடன் ஒப்பந்தம் ஆனது. இன்னொரு முக்கியமான விஷயம், இங்கே நடத்தப்படும் இந்திய சைகை மொழி ஆசிரியர் பட்டயப் படிப்பு. அது காது கேளாதவர்களுக்கானது. அதாவது, அந்த மொழியைச் சொல்லித்தரும் ஆசிரியர்களாக அவர்களையே உருவாக்குகிறது.

தலைமை மாறினால் சேவை எப்படி மாறும்?

சில சாதாரண சூழ்நிலைகளை வைத்துப் பார்க்கலாம்.

*புகார் எண்:* ஒரு அமைப்பு, "குறை இருந்தால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று பலகை வைக்கிறது. காது கேளாதவர் எப்படி அழைப்பார்? நிர்வாகக் கூட்டத்தில் காது கேளாத ஒருவர் உட்கார்ந்திருந்தால், வாட்ஸ்அப் எண்ணும் வீடியோ அழைப்பும் முதல் நாளே வந்திருக்கும்.

*எழுதிக் காட்டினால் போதாதா:* போதாது. சிறுவயதிலிருந்தே சைகை மொழியில் வளர்ந்தவருக்கு, எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. உதாரணமாக, 'என்ன', 'எங்கே' போன்ற கேள்விச் சொற்கள் அதில் வாக்கியத்தின் கடைசியில் வரும். ஒப்புதல் படிவத்தை நீட்டி "படிச்சுக் கையெழுத்து போடுங்க" என்றால், அவருக்குப் புரிந்தது என்று அர்த்தமில்லை.

*வீட்டில் இருப்பவரே மொழிபெயர்த்தால்:* மருத்துவர் சொல்வதை 10 வயது மகள் அம்மாவுக்குச் சைகையில் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கெட்ட செய்தியை அந்தக் குழந்தை எப்படிச் சொல்வாள்? குடும்ப வன்முறைப் புகாரில் கணவரே மொழிபெயர்ப்பாளராக நின்றால் என்ன ஆகும்? பயிற்சி பெற்ற, ரகசியம் காக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவது இதனால்தான்.

*அபாய அறிவிப்பு:* விடுதியில் தீப்பிடித்தால் மணி அடித்துப் பயனில்லை. மின்னும் விளக்கு வேண்டும். இரவில் அதிரும் கருவியும் வேண்டும்.

இதெல்லாம் பெரிய செலவு பிடிக்கிற விஷயங்கள் இல்லை. அந்த அனுபவம் இல்லாதவர்களுக்குத் தோன்றாத விஷயங்கள். அவ்வளவுதான்.

ஒருவர் சரியான இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கு. 2023 செப்டம்பரில், காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் உச்ச நீதிமன்றத்தில் காணொலி வழியாக ஆஜரானார். மொழிபெயர்ப்பாளரும் திரையில் தோன்ற அனுமதி கிடைத்தது. வழக்கறிஞராக அவர் வந்து நின்றதால்தான் அந்தத் தேவையே நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது.

பெற்றோர்கள் எதைப் பார்க்கணும்?

காது கேளாத குழந்தைகளில் 10-ல் 9 பேருக்கும் மேல், காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள் என்கின்றன அமெரிக்க ஆய்வுகள். அதாவது, பெரும்பாலான பெற்றோருக்கு இது முற்றிலும் புது உலகம். ஒரு பள்ளிக்கோ மையத்துக்கோ போகும்போது இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

- பதிவுச் சான்று இருக்கா? 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, தனியார் நடத்தும் இத்தகைய நிறுவனங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும்.
- நிர்வாகக் குழுவில் காது கேளாதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு வாக்குரிமை உண்டா, இல்லை விழா மேடைக்கு மட்டுமா?
- காது கேளாத ஆசிரியர்கள், ஊழியர்கள் இருக்காங்களா? எந்தப் பொறுப்பில்?
- முதல்வர் முதல் வாயில் காவலர் வரை எத்தனை பேருக்குச் சைகை மொழி தெரியும்?
- மொழிபெயர்ப்பாளர் பயிற்சி பெற்றவரா?
- குழந்தை தன் குறையை யாரிடம், எந்த மொழியில் சொல்ல முடியும்?
- இங்கே படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? முடிந்தால் அவர்களில் ஒருவரைச் சந்தியுங்கள்.

வரவேற்பறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனியுங்கள். ஊழியர்கள் குழந்தைகளோடு நேரடியாகப் பேசுகிறார்களா, இல்லை அவர்களைப் பற்றித் தங்களுக்குள் பேசுகிறார்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

குறை இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். சட்டப்படி, உரிமை மறுக்கப்பட்டால் விசாரிக்கும் அதிகாரம் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு உண்டு.

அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள்

*அப்போ காது கேட்பவர்கள் இந்த அமைப்புகளில் வேலை செய்யக் கூடாதா?*
தாராளமாகச் செய்யலாம். ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், கணக்காளர் என்று அவர்களின் பங்கு பெரியது. கலாடெட்டின் முதல் தலைவரே காது கேட்பவர்தான். மொழி தெரிந்திருப்பதும், முடிவெடுக்கும் இடத்தைப் பகிர்ந்துகொள்வதும்தான் நிபந்தனை.

*காக்ளியர் இம்பிளான்ட் வந்த பிறகும் சைகை மொழி தேவையா?*
தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. பலருக்குப் பலன் தருகிறது. ஆனால் பலன் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. நீண்ட பேச்சுப் பயிற்சியும் தேவை. கருவி கழற்றப்பட்டால் கேட்காது. முடிவு குடும்பத்துடையது, மருத்துவர் ஆலோசனையோடு எடுக்க வேண்டியது. அதற்கு முன் வளர்ந்த காது கேளாதவர்களையும் சந்தித்துப் பேசிவிடுவது நல்லது.

*சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றா?*
இல்லை. அமெரிக்க சைகை மொழியும் பிரிட்டிஷ் சைகை மொழியும் வேறு வேறு. பேசும் ஆங்கிலம் பொதுவாக இருந்தும் கையில் பேசும் மொழி மாறுகிறது. இந்திய சைகை மொழி தனி மொழி.

*அரசு வேலையில் இடஒதுக்கீடு உண்டா?*
உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும்.

கடைசியாக

தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தம் 2025-ல் நிறைவேறியது. இனி ஊராட்சிக் கூட்டத்தில் காது கேளாத ஒருவர் உறுப்பினராக உட்காரலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லை என்றால், அவர் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

1988-ல் அந்த மாணவர்கள் 51 சதவீதம் கேட்டதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம். நாற்காலி கிடைப்பது முதல் படி. அங்கே நடக்கும் பேச்சு புரிவதும், தன் பேச்சு மற்றவர்களுக்குப் புரிவதும் அடுத்த படி. உங்க ஊரில் காது கேளாதோருக்காக நடக்கும் அமைப்பு இதில் எந்தப் படியில் இருக்கிறது என்பதை, அங்கே சேவை பெறுபவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.